கண்ணாடி போட்ட முகம்

தம்பி வரைந்து வைத்துவிட்டுப் போன படங்களில் அக்காவை வரைந்த படம் ஒன்றே ஒன்றுதான். அதிலும் முகம் இல்லை.

மற்றதெல்லாம் இருந்தது. தையல் மிஷின் இருந்தது, அதன் சக்கரத்தில் பெயிண்ட் உரிந்த இடம்கூட இருந்தது. மடியில் சரிந்து கிடக்கும் நீலத் துணி, கழுத்தில் தொங்கும் டேப், ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரல் என்று பயல் ஒன்று விடாமல் வரைந்திருந்தான். கழுத்துக்கு மேலே மட்டும் வெறும் பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு, அதன் மேல் கரியால் முட்டை வடிவத்தில் ஒரு கோடு. குற்றம் அவனுடையது அல்ல. அவன் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் போதும், அக்காவுக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற ஞாபகம் வந்துவிடும். இல்லாவிட்டால் யாராவது துணி வாங்க வாசலில் வந்து நிற்பார்கள்.

"ஒரு பத்து நிமிஷம் ஆடாம உக்காரேன்க்கா. முகம் மட்டும்தான் பாக்கி" என்று கெஞ்சுவான்.

"நாளைக்கு உக்கார்றேன்டா. இன்னைக்கு அந்த யூனிஃபார்ம் எட்டையும் முடிச்சாகணும்."

மறுநாள் காலையில் ஒரு வேன் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். கொல்லைக் குழாயில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தவனை, "ஒரு கையெழுத்துத்தான், அரை மணி நேரத்துல கொண்டுவந்து விட்டுடறோம்" என்று சொல்லி, ஈரக் கையோடு கூட்டிப் போனார்கள். அக்கா ஓடிப்போய்ச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் செய்த குற்றம் இதுதான்: ஆற்றோரத்தில் அரசாங்கம் இடித்துத் தள்ளிய நாற்பது வீடுகளையும் ஒரே வாரத்தில் நகராட்சியின் நீளச் சுவரில் திரும்பக் கட்டிவிட்டான், வெறும் பெயிண்டால். ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டுக்காரர்கள் நின்றார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் அவனுக்கு வேன் வந்துவிட்டது.

அந்த அரை மணி நேரம் முடிய இன்னும் வேளை வரவில்லை. மூன்று வருஷம் ஆகிறது.

அக்கா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கொடுத்த மனுவெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். "அப்படி ஒருத்தரை நாங்க கூட்டிட்டு வரவே இல்லையே" என்பார்கள் ஒரு மேஜையில். "வயசுப் பையன், எங்கயாவது போயிருப்பான், மனசு மாறினா வருவான்" என்பார்கள் அடுத்த மேஜையில். இந்த வருஷம் கண் மங்க ஆரம்பித்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல், அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டாள். வாங்கின மாதமே கண்ணாடியின் ஒரு காது உடைந்தது. நீல நூலால் இறுக்கிச் சுற்றி அதையே மாட்டிக்கொண்டு அலைந்தாள். அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். அவன் திரும்பி வரும்போது இந்தக் கண்ணாடியில் தன்னை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கண்காட்சி போடலாம் என்ற யோசனை டிராயிங் மாஸ்டருடையது. அவரும் தம்பியும் பிரேம்காரரும் ஒரே ஷெட்டை வாடகைக்கு எடுத்து வேலை செய்தவர்கள். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் படம் சொல்லிக்கொடுப்பவர், பிரேம்காரர் சட்டம் அடிப்பவர், அவருக்கும் வரைய வரும். மாஸ்டருக்கு அக்காவைவிட நாலு வயது கூடுதல், இருந்தும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். தம்பியின் அக்கா ஊருக்கே அக்கா ஆகிவிட்டாள்.

"மனு குடுத்தாப் படிக்க மாட்டேங்கிறாங்க. படமா மாட்டினா பாத்துத்தானே ஆகணும்" என்றார் மாஸ்டர்.

தம்பியைப் போலவே வேனில் ஏறிப்போய்த் திரும்பாதவர்கள் அந்த ஊரில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஆறு பேர் கையாலும் ஆனதை ஒரே இடத்தில் வைப்பது, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு ஒட்டுவது என்று ஏற்பாடு. சீட்டில் திட்டும் இல்லை, கோஷமும் இல்லை. செய்தவர் யார், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு யார் அழைத்துப் போனார்கள், அவ்வளவுதான். கடைசியில் ஒரு மேஜை, அதில் ஒரு நோட்டு, வருகிறவர்கள் கையெழுத்துப் போட. ஆறு குடும்பமும் சேர்ந்து போட்ட வழக்கில், ஆறு பேரும் எங்கே என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று கோர்ட் இருபதாம் தேதி வரை கெடு வைத்திருந்தது. அதற்குள் ஊரே பார்த்துவிட வேண்டும், அப்போதுதான் பதிலை மழுப்ப மாட்டார்கள் என்பது கணக்கு. இடம்தான் கிடைக்கவில்லை. மண்டபக்காரர்கள் எல்லாரும் தலைப்பைக் கேட்டதும் அன்றைக்கு வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் மூடிக் கிடந்த ஒரு செருப்புக் கடை அகப்பட்டது. மூன்று வருஷமாகச் செருப்புத் தேய நடந்தவர்களுக்குப் பொருத்தமான இடம்தான் என்று பிரேம்காரர் சொன்னார். அக்காவும் சிரித்துவிட்டாள்.

தம்பியின் படங்களில் ஏழெட்டை மாஸ்டர் எடுத்துக்கொண்டார். முகமில்லாத படத்தைக் கொடுக்க அக்காவுக்கு மனசே இல்லை. அவன் வந்து முடிக்க வேண்டிய வேலை அது. முடிக்க வேண்டிய வேலை ஒன்று வீட்டில் கிடந்தால்தானே மனுஷன் திரும்பி வருவான். மாஸ்டர் விடாமல் கேட்டார். கொடுத்தாள்.

திறப்பு நாள் காலை, இன்னும் ஜனம் வராத நேரம், அக்கா கடைக்குள் நுழைந்தாள். ரப்பர் வாசனை போகவே இல்லை. அலமாரித் தட்டுகளில், செருப்பு ஜோடிகள் இருந்த இடத்தில், மற்ற ஐந்து பேரில் ஒருவரான தபால்காரர் செதுக்கிய மரக் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கோடிச் சுவரில் அவளுடைய படம். அதில் அவளுடைய முகம்.

கண்ணாடி போட்ட முகம். காதோரம் நீல நூல் சுற்றிய அதே கண்ணாடி.

அக்கா கிட்டே போனாள். அவன்தான். அவன் கை அது, கன்னத்தில் இழுத்த அந்தப் பட்டைக் கோடு அவனைத் தவிர யாருக்கும் வராது. வந்திருக்கிறான். எந்தத் தெருமுனையிலோ நின்று பார்த்திருக்கிறான், கண்ணாடியைப் பார்த்திருக்கிறான், நூலைக்கூடப் பார்த்திருக்கிறான். கூப்பிட முடியாத நிலைமையாக இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக ஷெட்டுக்கு வந்து முடித்துவிட்டுப் போயிருப்பான். சாப்பிட்டானோ என்னவோ. இளைத்திருப்பான். அவள் சட்டென்று திரும்பிக் கடை முழுக்கத் தேடினாள், ஏணிக்குப் பின்னால், திரைக்குப் பின்னால். கலைந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள், அவன் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி.

ஏணிக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் வந்தார், கையில் சுத்தியோடு.

"பிடிச்சிருக்காக்கா?" என்றார். முகம் முழுக்கச் சந்தோஷம். "நாலு நாள் உக்காந்தேன். அவன் கை வரணும்னு அவன் பழைய படத்தையெல்லாம் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் பண்ணேன். கேஸ் ஃபைல்ல உங்க ஃபோட்டோ இருந்துச்சு, போன மாசம் மனுவோட குடுத்தமே, அது."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த ஷெட்டின் வழக்கமே அப்படித்தான். ஒரு படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் அலுத்துப்போனவன் அதை மற்றவனிடம் தள்ளிவிடுவான், கடைசிப் பூச்சு இன்னொரு கைதான் பூசும். மாஸ்டரின் படங்களில் வானமெல்லாம் தம்பி முடித்தது. பிரேம்காரர் வரைந்த குதிரைக்கு வால் போட்டது தம்பி, ஏதோ கோபத்தில் கழுதை வாலாகப் போட்டுவிட்டான், அதற்கு மூன்று நாள் சண்டை. நண்பன் இல்லாத நேரத்தில் அவன் படத்தை அரைகுறையாக மாட்டுவது அவமரியாதை என்று மாஸ்டர் நினைத்தார். முடித்துவிட்டார்.

"என்னைக் கேக்காம ஏன் பண்ணீங்க?" என்றாள் அக்கா.

மாஸ்டருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "எடுத்துடட்டுமாக்கா? இன்னும் காயல. துணியால துடைச்சா வந்துடும். அடியில அவன் பூசினது காஞ்சு கல்லாட்டம் இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாது."

துடையுங்கள் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் ஜனம் சேர ஆரம்பித்துவிட்டது, இப்போது போய் எப்படி என்று தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. அந்த முகம் அவளுக்கு வேண்டியிருந்தது. பொய் என்று தெரிந்த பிறகும் வேண்டியிருந்தது. "இருக்கட்டும்" என்றாள். கீழே ஒட்டியிருந்த சீட்டில் தம்பியின் பேர் மட்டும்தான் இருந்தது. அதை மாற்ற அக்கா, மாஸ்டர், பிரேம்காரர் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

கூட்டம் அவர்கள் நினைத்ததைவிட மூன்று பங்கு வந்தது. முதல் நாள் தயங்கித் தயங்கி எதிர்ச் சாரியில் நின்று பார்த்தவர்கள் மறுநாள் குழந்தை குட்டியோடு உள்ளே வந்தார்கள். கையெழுத்து நோட்டு நிரம்பி இரண்டாவது நோட்டு வாங்கினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் அக்காவைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ஃபோட்டோ எடுத்தார், அது மறுநாள் பேப்பரில் பெரிதாக வந்தது. தம்பி வரைந்த அக்கா என்று போட்டிருந்தார்கள்.

அக்கா தினமும் படத்துக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள், துணி எம்பிராய்டரி செய்கிற சாக்கில். எங்கோ ஒரு தையல் மாறி விழுந்திருக்கிற மாதிரி அந்தப் படம் அவளை உறுத்தியது. மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தாள். இருபது வருஷம் அந்த மிஷினில் உட்கார்ந்தவள் அவள், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இடது கைப்பக்கம். படத்திலும் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்துதான் வந்தது. மிஷினில், துணியில், விரலில் எல்லாம் இடது பக்கம் பளிச்சென்று இருந்தது, நிழல் வலது பக்கம். முகத்தில் மட்டும் இடது கன்னம் இருட்டு. ஃபோட்டோ எடுத்த ஸ்டூடியோவில் ஒரு பக்கத்து விளக்கு எரியவில்லை, பையன் அவசரத்தில் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டான். மாஸ்டர் அந்த இருட்டையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார். தம்பி இந்தத் தப்பைச் செத்தாலும் செய்ய மாட்டான். இதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் அதிகாரி வந்தார். போலீஸ் உடுப்பு இல்லை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல். வரிசையில் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். குருவிகள் நன்றாக இருப்பதாகக்கூடச் சொன்னார். அக்காவிடம் வந்ததும் மேஜையில் இரண்டு ஃபோட்டோவை எடுத்து வைத்தார்.

"அம்மா, இது மூணு வருஷம் முன்னாடி நீங்க மனுவுல ஒட்டினது. கண்ணாடி இல்ல. இது போன மாசம் குடுத்தது. கண்ணாடி இருக்கு." பிறகு சுவரைக் காட்டினார். "இதுலயும் கண்ணாடி இருக்கு. உங்க தம்பி வரைஞ்சதுன்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க, பேப்பர்லயும் வந்துடுச்சு. அப்போ இந்த வருஷம் அவரு உங்களைப் பாத்திருக்காரு. எங்ககிட்ட இல்ல, வெளியிலதான் இருக்காருன்னு ஆகுதில்ல?"

பிரேம்காரர் எழுந்தார். மாஸ்டர் முகம் வெளிறிப்போய் முன்னால் வந்தார்.

"அதை வரைஞ்சது நான் சார். முகம் மட்டும் நான்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போ அப்படித்தான் சொல்வீங்க. அந்தக் கையும் இந்தக் கையும் வேறன்னு யாரு சொல்லுவா? எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது." அவன் கை வர வேண்டும் என்று நாலு நாள் பாடுபட்டதன் பலன் மாஸ்டருக்கு அந்த இடத்திலேயே கிடைத்தது.

அதிகாரி ஃபைலிலிருந்து டைப் செய்த தாள் ஒன்றை எடுத்து அக்காவின் முன் வைத்தார். இந்தப் படம் என் தம்பி இந்த ஆண்டு வரைந்தது என்று ஒரே ஒரு வரி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேசினார்.

"பயப்படாதீங்க. உங்களுக்கு இதுல கெடுதல் இல்ல. ஒரு கையெழுத்துத்தான். போட்டீங்கன்னா, அவரு உயிரோட இருக்காருன்னு அரசாங்கத் தாள்லயே ஏறிடும். ஊர் ஊரா தேடச் சொல்லுவோம்."

உயிரோடு இருக்கிறான். மூன்று வருஷமாக இந்த வார்த்தையை அக்கா காதால் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் எப்போதோ பேச்சை மாற்றிக்கொண்டுவிட்டார்கள், நல்ல பையனாக இருந்தான், அழகாக வரைவான் என்று. சொந்தக்காரர்கள் அவன் பேரெடுத்தால் குரலை இறக்குகிறார்கள். இன்றைக்கு ஒருத்தர் தாளோடு வந்து, உயிரோடு இருக்கிறான் என்று டைப் அடித்துத் தருகிறேன் என்கிறார். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். கை தானாக நீண்டது. இந்தத் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மற்ற ஐந்து குடும்பமும் எதிரேதான் நின்றது. ஒருத்தன் ஓடிப்போனவன் என்றால் ஆறு பேரும் ஓடிப்போனவர்கள்தான், இருபதாம் தேதிக்கு அப்புறம் கேட்க ஒரு நாதி இருக்காது. குருவி செய்தவரின் மகள் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா பேனாவைத் தாளின் மேலேயே வைத்தாள். போன மாதத்து ஃபோட்டோவை எடுத்துக்கொண்டுபோய்ப் படத்தில் இருந்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள்.

"இதைப் பாருங்க சார். இந்தக் கன்னம் இருட்டா இருக்கா? ஸ்டூடியோல லைட் எரியல, அதனால. படத்துலயும் அதே கன்னம்தான் இருட்டு. இப்போ கீழ பாருங்க, மிஷின்ல, துணில. வெளிச்சம் இந்தப் பக்கத்துலேருந்து வருது. ஒரே ஜன்னல், ஒரே பொம்பளை, முகத்துக்கு மட்டும் வேற வெளிச்சம் எப்படி வரும்?" ஃபோட்டோவை இன்னும் ஒட்டிப் பிடித்தாள். "இது என்னைப் பாத்து வரைஞ்சது இல்ல. உங்க ஃபைல்ல இருக்கிற ஃபோட்டோவைப் பாத்து வரைஞ்சது. என் தம்பி வரைஞ்சிருந்தா இப்படி வராது. அவன் என்னைப் பாக்கல. கண்ணாடி போட்டு என்னை அவன் பாக்கவே இல்ல."

கடைசி வரியைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். கூட்டம் நெருங்கி வந்து ஃபோட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அந்தப் பத்திரிகைக்காரரும் அதில் இருந்தார். மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை. முப்பது வருஷமாக வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

அதிகாரியும் பார்த்தார். பார்த்துவிட்டு ஃபோட்டோக்களைப் பொறுக்கி ஃபைலில் வைத்தார். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், குரலில் பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார்.

"உங்க நல்லதுக்குச் சொன்னேன். நல்லா யோசிச்சுக்குங்க. கையெழுத்துப் போட்டா உயிரோட இருக்கார். போடலைன்னா…"

நிறுத்திக்கொண்டார். நாக்கு முந்திக்கொண்டுவிட்டது என்று அவருக்கே தெரிந்தது.

"சொல்லுங்க சார்" என்றாள் அக்கா. "போடலைன்னா?"

அவர் தாளை மடித்தார். அது ஃபைலுக்குள் ஒழுங்காகப் போகவில்லை, திரும்ப எடுத்து மடித்தார்.

"போடலைன்னா அவன் என்ன ஆயிட்டான்?"

கடையில் அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் வழிவிடச் சொல்லிக்கொண்டு வெளியே போனார். பத்திரிகைக்காரர் பின்னாலேயே ஓடினார், அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு.

பிரேம்காரர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சிட்டோம்க்கா. இத்தனை பேருக்கு முன்னாடி வாயை விட்டுட்டான். இனிமே மழுப்ப முடியாது. இருபதாம் தேதி சொல்லித்தான் ஆகணும்."

குருவி செய்தவரின் மகள் வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாஸ்டர் டர்பெண்டைன் நனைத்த துணியோடு படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார், துடைக்கக் கை வராமல். அக்கா துணியை வாங்கித் தானே துடைத்தாள். முதலில் கண்ணாடி போயிற்று, அப்புறம் மற்றதெல்லாம். மாஸ்டர் சொன்னது சரிதான், அடியில் தம்பி பூசியதற்கு ஒன்றும் ஆகவில்லை.

வாசலில் வரிசை இன்னும் நீண்டுகொண்டிருந்தது. பிரேம்காரர் சுவர் காலண்டரில் இருபதாம் தேதியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். இன்னும் எட்டு நாள் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எங்கே அவன், எங்கே அவன் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றியவள் அக்கா. அந்த வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள், அந்தத் தேதி வராமலே இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.